உங்களுக்குத் தெரியுமா? பின்னாடி என்ன சத்தம்?

ஸ்போர்ட்ஸ் கார் பறக்கிறது. திடீரென்று பின்னாலிருந்து 'லொட லொட'! எங்கிருந்து வருகிறது? யார் குற்றவாளி? துப்பறியக் கிளம்பினோம். கிடைத்ததெல்லாம் அதிசயம். ஒவ்வொன்றாக அவிழ்க்கிறோம், பிடியுங்கள்!

முதல் குற்றவாளி உங்கள் காதுதான்! ஒரு காதில் விழுந்த சத்தம் மறு காதுக்குப் போக எடுக்கும் நேரத்தையும் வைத்து மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. அந்த வித்தியாசம் அதிகபட்சம் எவ்வளவு? ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. வெறும் 0.7 மில்லி விநாடி!

சத்தம் நேர் பின்னாலிருந்து வந்தால்? இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் வந்து சேரும். வித்தியாசம் பூஜ்யம். நேர் முன்னால் என்றாலும் அதே பூஜ்யம்தான். முன்னா, பின்னா என்று மூளையே குழம்பிவிடலாம்!

காற்றில் சத்தத்தின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். இரும்பில்? சுமார் 5,000 மீட்டர்! முன் சக்கரத்தில் கிளம்பும் 'டக்' பாடி முழுக்க ஓடி, பின் சீட்டுக்கு அடியில் வந்து எட்டிப் பார்க்கும். பின்னால் தேடித் தேடி மெக்கானிக் நொந்துபோவார்!

அவருக்குக் கைகொடுக்க வருகிறது ஸ்டெதஸ்கோப்! டாக்டரின் அந்தக் கருவி எப்போது பிறந்தது? 1816, பாரிஸ். ரெனே லெனெக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு! இன்று மெக்கானிக்குகளுக்கும் ஸ்டெதஸ்கோப் உண்டு. நுனியில் மட்டும் நீளமான இரும்புக் கம்பி! அது இல்லாதவர் நீள ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பார். வேலை கச்சிதமாக முடியும்!

இன்னும் நவீனமாக வேண்டுமா? காருக்கு அடியில் கிளிப் மாட்டிய மைக்குகள். ஒன்றல்ல, ஆறு! காரை ஓட்டிக்கொண்டே ஒவ்வொரு மைக்காக மாற்றி மாற்றி ஒட்டுக்கேட்கலாம். ரகசியப் போலீஸ் தோற்றுவிடும்!

போர்ஷே 911-ல் பின்னால் சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். எஞ்சினே அங்கேதான் இருக்கிறது! பின் அச்சுக்கும் பின்னால்! 1963-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டியபோது அதன் பெயர் 901. நடுவில் பூஜ்யம் போட்ட மூன்று இலக்கம் எங்களுக்கே சொந்தம் என்று பெஜோ கம்பெனி மல்லுக்கட்ட, 911 ஆனது!

அதே கம்பெனியின் பாக்ஸ்டரில் இன்னும் வேடிக்கை. எஞ்சினைப் பார்க்கவே முடியாது! முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி, எஞ்சின் நடுவில் ஒளிந்திருக்கிறது. உங்களுக்குத் தெரிவது எண்ணெயும் தண்ணீரும் ஊற்றும் மூடிகள் மட்டும். சத்தம் கேட்கிறது, ஆளைக் காணோம்!

1989-ல் வந்த 911-ல் மணிக்கு 80 கி.மீ. தொட்டதும் பின்னாலிருந்து 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம். கோளாறா? இல்லை! பின் இறக்கை தானாக எழுந்து நிற்கும் சத்தம் அது. வேகம் 10-க்கு இறங்கியதும் மறுபடி 'ர்ர்ர்'. இறக்கை படுத்துக்கொள்ளும்!

அமெரிக்காவின் கார்வெட் 1997-ல் ஒரு வித்தை காட்டியது. எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால்! ஜப்பானின் நிசான் ஜிடி-ஆர் 2007-ல் அதையும் தாண்டியது. கியர்பாக்ஸைப் பின்னால் வைத்து, நீளத் தண்டு இரண்டு போட்டார்கள். ஒன்று எஞ்சின் பலத்தைப் பின்னுக்குக் கொண்டுபோகும். இன்னொன்று அதே பலத்தை மறுபடி முன் சக்கரத்துக்கு இழுத்து வரும்! இந்தக் கார்களில் 'பின்னாடி ஏதோ கறகறங்குது' என்றால், அது கியர்பாக்ஸாகவும் இருக்கலாம்!

இப்போது எங்களுக்கு ரொம்பப் பிடித்த செய்தி. மெதுவாக, வளைத்து, பார்க்கிங்கில் திருப்பும்போது மட்டும் பின்னால் 'கடகடகட' என்று உதறுகிறதா? நேராகப் போனால் சத்தமே இல்லையா? இரு பின் சக்கரங்களுக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுப்பது டிஃபரென்ஷியல். சில கார்களில் அதற்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் ஒட்டி, வழுக்கி, ஒட்டி, வழுக்கித் தாளம் போடுகின்றன. டிஃபரென்ஷியலையே மாற்ற வேண்டுமா? அவசரப்படாதீர்கள்! வழுவழுப்பைச் சரிசெய்யும் மருந்து ஒரு சின்ன பாட்டிலில் வருகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் விற்கும் பாட்டிலில் எவ்வளவு தெரியுமா? 118 மி.லி.! ஒரு டம்ளர் காபியைவிடக் குறைவு!

மருந்தை ஊற்றினால் போதாது. தட்டுகளுக்கு நடுவே அது போய்ச் சேர வேண்டும். அதற்கு என்ன செய்வார்கள்? காலி மைதானத்தில் காரை மெதுவாக 8 போட்டு ஓட்டுவார்கள்! லைசென்ஸ் வாங்கப் போடும் அதே எட்டு! ஒரு முறை அல்ல, பல முறை!

ஜேம்ஸ் பாண்ட் 1995-ல் ஓட்டினாரே பி.எம்.டபிள்யூ இசட்3, அதில் கிளட்சை விட்டதும் பின்னால் 'டொம்' என்று இடித்தால் டிக்கியின் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். டிஃபரென்ஷியலைத் தாங்கும் இடத்தில் வெல்டிங் புள்ளிகள் பிய்ந்து, தரைத் தகடே கிழிந்த கதைகள் உண்டு!

ஆக்சிலரேட்டரை மிதித்தால் 'உய்ங்ங்', காலை எடுத்தால் மௌனம். அப்படியானால் டிஃபரென்ஷியலின் கிரவுன், பினியன் பற்சக்கரங்கள் மீது சந்தேகம்! ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு முகம். மிதிக்கும்போது ஒரு முகம் உரசும், காலை எடுத்தால் மறுமுகம். எந்த முகம் தேய்ந்தது என்று உங்கள் வலது காலே சொல்லிவிடும்!

வேகம் ஏற ஏற 'ஹ்ம்ம்ம்' என்று ரீங்காரமா? சக்கர பேரிங்! இடமா, வலமா? லேசாக இடப்பக்கம் வளையுங்கள். எடை வலப்பக்கம் சாயும். ரீங்காரம் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங்தான்! ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடவில்லை, பார்த்தீர்களா?

சின்னக் கணக்கு. டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2 மீட்டர் உருளும். 100 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு எத்தனை சுற்று? கிட்டத்தட்ட 14! நம் காது கேட்கத் தொடங்குவதே விநாடிக்கு 20 அதிர்வில்தான். ஆக, உருண்டை கெட்ட டயரின் ஆட்டம் காதுக்கு எட்டாமல் போகலாம். உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு எட்டிவிடும்!

டயருக்குள் அடைபட்ட காற்றும் பாடும்! சுருதி சுமார் 200 ஹெர்ட்ஸ். அந்தப் பாட்டை அடக்க, சில டயர்களின் உட்புறத்தில் பஞ்சு ஒட்டியே விற்கிறார்கள்!

காரே இரண்டாகப் பிளப்பதுபோல 'க்றீஈஈச்'! நூற்றுக்கணக்கான குதிரைத் திறன் கொண்ட கார், பதறிப்போய் லாரியில் ஏற்றி ஒர்க்‌ஷாப் கொண்டுபோகிறார்கள். உள்ளே என்ன? பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்தகட்டுக்கும் நடுவே பட்டாணி அளவு ஒரு கூழாங்கல்!

வேண்டுமென்றே சத்தம் போடுவதற்காகவே செய்த பாகம் ஒன்று உண்டு! பல பிரேக் பேடுகளில் ஒரு குட்டித் தகடு ஒட்டியிருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கை உரசிக் கீச்சிடும். 'என்னை மாற்று' என்று கத்துகிறது!

இரவெல்லாம் மழை. காலையில் முதல் பிரேக்குக்கு 'சர்ர்ர்'. டிஸ்க்கில் ஒரே ராத்திரியில் படிந்த துரு! நாலு தடவை பிரேக் போட்டால் காணாமல் போகும். விலை உயர்ந்த கார்பன் செராமிக் டிஸ்க்கோ துருவே பிடிக்காது. ஆனால் குளிர்ந்திருக்கும்போது அதுவும் கீச்சிடும். காசு கொடுத்தாலும் சத்தம் இலவசம்!

காரை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் 'டிக்... டிக்... டிக்'. குண்டா? இல்லை, சைலன்சர் குழாய் ஆறுகிறது! 2 மீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய் 400 டிகிரி சூடேறினால் 13 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதற்கும் சேர்த்துத்தான் அதை ரப்பர் வளையத்தில் தொங்கவிடுகிறார்கள்!

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் 'சிங்ங்' என்று தகரம் அதிர்கிறதா? சைலன்சரின் வெப்பத் தடுப்புத் தகடு. குழாய்க்குப் போடும் கிளிப் ஒன்றைச் சுற்றி முடுக்கினால் பல நேரம் கப்சிப்!

ஜாகுவார் எஃப்-டைப்பில் காலை எடுத்ததும் பின்னால் 'பட் படார்'! ரிப்பேர் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். வெடிக்க வேண்டும் என்றே எஞ்சினியர்கள் உட்கார்ந்து செய்தது! 2011-ல் வந்த பி.எம்.டபிள்யூ எம்5 இன்னும் கில்லாடி. எஞ்சின் உறுமலை ஸ்பீக்கரில் விட்டார்கள்!

ஆயிரம் டாலர் ரிப்பேருக்கு முன்னால் செய்ய வேண்டியது என்ன? டிக்கியைக் காலி செய்வது! பல ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்டெப்னி கிடையாது. பதிலுக்குப் பஞ்சர் ஒட்டும் திரவ டப்பா ஒன்று வைப்பார்கள். அது கழன்று உருண்டால் அச்சு அசல் சஸ்பென்ஷன் சத்தம்!

கடைசியாக ஒரு நள்ளிரவு மர்மம். இரவு 9 மணிக்குக் காரை நிறுத்திப் பூட்டிவிட்டுத் தூங்கப் போகிறீர்கள். காரில் ஆள் இல்லை, சாவி தலையணைக்கு அடியில். காருக்கு அடியிலிருந்து 'ங்ங்ங்ங்' என்று முனகல், சில நிமிடங்களுக்கு! பேயா? பெட்ரோல் ஆவி எங்காவது கசிகிறதா என்று கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. டொயோட்டா கார்கள் பலவற்றின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. எஞ்சினை அணைத்துச் சுமார் 5 மணி நேரம் கழித்து. அதாவது, பேய் உலாவும் 2 மணி வாக்கில்!