பட்டம் வேண்டாத பணி

வேலையினின்று பட்டத்தைப் பிரிக்கத் தொடங்கலாம் என்று 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறிற்று. மருத்துவம், பொறியியல், சட்டம், ஆசிரியப் பணி போன்றவற்றை விலக்கிற்று. ஆயினும், பட்டம் கேளாத வேலைக்கும் பட்டதாரிகள் திரண்டு வருவரெனில், ஏழாம் வகுப்போடு நின்றவர் போட்டித் தேர்வில் எவ்வாறு முந்துவார்?

கேரளத் தேர்வாணையம் இதற்கொரு வழி கண்டது. கடைநிலை ஊழியருக்கான 2017-ஆம் ஆண்டு அறிவிப்பில், ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும், பட்டம் பெற்றிருத்தலாகாது என்று விதித்தது. திருவனந்தபுரத்தில் அவ்வாணையம் அமைந்த பகுதியின் பெயர் பட்டம் என்பது வேடிக்கைதான்!

பட்டத்தை மறைத்து ஏவலர் பணிக்கு விண்ணப்பித்த ஒருவரை வங்கியொன்று ஏற்க மறுத்தது முறையே என 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதலின், பிழைப்பு நாடி இங்கு வந்த நம்மவர், பிள்ளைகளின் விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன், உச்ச வரம்பையும் படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.