பாஸ்பேட் கற்கள்: அவற்றின் இனமும் குணமும் பயிருக்கு உதவும் வகையும்

நெல்லும் கேழ்வரகும் நிலக்கடலையும் ஆண்டுதோறும் நிலத்திலிருந்து கவர்ந்து செல்லும் சத்துக்களுள், மணிச்சத்து தனித்த இயல்புடையது. தழைச்சத்து ஆகாயத்தில் நிறைந்திருக்கிறது. பயறு வகைகளின் வேர் முடிச்சுகள் மூலமாகவும் மழையின் மூலமாகவும் அதில் ஒரு பாகம் நிலத்துக்கு வந்து சேரும். மணிச்சத்துக்கு அவ்வித வழி எதுவுமில்லை. அது முற்றிலும் கல்லிலிருந்தே பிறந்தது. களத்துமேட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வெளியேறும் தானியத்தோடு அதுவும் வெளியேறுகிறது. அதை ஈடு செய்ய விரும்பும் குடியானவர், தாம் விலை கொடுத்து வாங்கும் உரம் எந்தக் கல்லிலிருந்து வந்தது, அது தம் நிலத்தில் கரையுமா என்பதைத் தெரிந்துகொள்வது மிகவும் அவசியமாகும். காஞ்சிபுரம் ஜில்லாவின் விவசாயிகளையும் கிராம அதிகாரிகளையும் முக்கியமாக உத்தேசித்து இவ்விஷயம் இங்கே விவரிக்கப்படுகிறது.

பாஸ்பேட் கனிகளின் இனப்பிரிவு

பாஸ்வரமும் பிராணவாயுவும் சேர்ந்த கூட்டுக்குப் பாஸ்பேட் என்று பெயர். அது ஏதேனும் ஓர் உலோகத்துடன் இணைந்தே பூமியில் காணப்படுகிறது. எந்த உலோகத்துடன் இணைந்திருக்கிறதோ அதைக் கொண்டே கனிநூலார் இவ்வினத்தைப் பகுத்திருக்கின்றனர். சுண்ணாம்பின் உலோகமாகிய கால்சியத்துடன் சேர்ந்தது அபடைட். சீரியம், லாந்தனம் முதலிய அருமண் உலோகங்களுடன் சேர்ந்தது மோனஸைட். இரும்புடன் சேர்ந்தது விவியனைட். அலுமினியத்துடனும் செம்புடனும் சேர்ந்தது பெரோஸா என்னும் நீலப்பச்சை மணி. மக்னீசியத்துடனும் அம்மோனியாவுடனும் சேர்ந்தது ஸ்ட்ரூவைட். இவை யாவற்றிலும் மணிச்சத்து இருக்கிறது. ஆயினும், பயிரின் வேர் இவற்றை ஒரே விதமாக நாடுவதில்லை.

காஞ்சியில் சரிகை வாங்குவோர் அதன் பளபளப்பை மட்டும் கண்டு விலை பேசுவதில்லை. உள்ளிருக்கும் இழையையும் உலோகத்தையும் சோதித்தே வாங்குகின்றனர். பாஸ்பேட் உரத்தையும் அவ்வாறே கொள்ளவேண்டும். நூற்றுக்கு இத்தனை பங்கு என்னும் கணக்கு ஒன்று. அதில் வேருக்குக் கிட்டும் பங்கு எவ்வளவு என்பது மற்றொன்று.

அபடைட்

உலகில் பயன்படும் பாஸ்பேட் உரங்களுக்கெல்லாம் மூலப்பொருள் இதுவே. 1786-ஆம் ஆண்டில் வெர்னர் என்னும் ஜெர்மானிய கனிநூல் ஆசிரியர் இதற்கு இப்பெயரை இட்டார். ‘ஏமாற்றுவது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இது வந்தது. பச்சை, நீலம், மஞ்சள், பழுப்பு எனப் பல நிறங்களில் தோன்றி, வேறு மணிக்கற்கள்போல் காட்சியளித்து மயக்கியதே காரணம். இதன் பளிங்குகள் ஆறு பட்டைகள் உடையவை. தண்ணீரைப்போல் 3 மடங்குக்குச் சற்று அதிகமான எடை உள்ளது. மோஸ் என்பவர் வகுத்த பத்துப் படிக் கடின அளவில் இது 5-ஆவது படியில் நிற்கிறது. நல்ல எஃகுக் கத்தியால் கீறலாம்.

அபடைட்டில் புளோரின் சேர்ந்தது, குளோரின் சேர்ந்தது, நீரின் கூறு சேர்ந்தது என மூன்று பிரிவுகள் உண்டு. பாறைகளில் பெரும்பாலும் காணப்படுவது புளோரின் சேர்ந்ததே. அது சுத்தமாயிருப்பின் நூற்றுக்கு ஏறக்குறைய 42 பங்கு மணிச்சத்து உடையது. ஆனால் கரைவதில் மிகவும் மந்தமானது. நம் எலும்பும் பல்லும் ஆடுமாடுகளின் எலும்பும் நீரின் கூறு சேர்ந்த வகையை ஒத்தவை. எலும்புத் தூள் பாறைத் தூளைவிட விரைவில் பயிருக்கு உதவுவதற்கு இது ஒரு காரணம். ஆதிகாலக் கடல்களின் அடியில் படிந்த பாஸ்பேட்டில் கார்பனேட்டும் கலந்திருக்கும். அக்கலப்பு மிகுதியாக உள்ள கல், எரிமலைக் குழம்பிலிருந்து உறைந்த கல்லைவிட எளிதில் இளகிக் கொடுக்கும்.

அபடைட் நமக்குத் தொலைவிலுள்ள பொருளன்று. பல்லாவரம், பரங்கிமலை ஆகிய இடங்களிலுள்ள கரும்பாறைக்குச் சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கல் இவ்வினத்தைச் சேர்ந்ததால், தாமஸ் ஹாலந்து என்னும் பூகர்ப்ப நூலறிஞர் 1893-இல் அப்பெயரை வைத்தார். அப்பாறையில் கண்ணுக்குப் புலப்படாத சிறு சிறு அபடைட் மணிகள் அடங்கியுள்ளன. இத்தகைய பாறைகள் யுகக்கணக்காக வெயிலிலும் மழையிலும் சிதைந்தே நம் செம்மண் உண்டாயிற்று. அதிலுள்ள இயற்கை மணிச்சத்தும் அவ்வாறு வந்ததே. ஆனால் அது அளவிற் சொற்பம். பல நூற்றாண்டுகள் உழவு கண்ட வயலுக்கு அது போதாது.

மோனஸைட்

பாஸ்பேட் கனிகளுள் அரிதானதும், தமிழ்நாட்டின் கடற்கரைக்குப் புகழ் தேடித் தந்ததும் மோனஸைட்டேயாகும். ‘தனித்திருப்பது’ என்னும் கிரேக்கச் சொல்லை ஒட்டி 1829-இல் பிரைத்தாப்ட் என்பவர் இதற்குப் பெயரிட்டார். தேன் நிறம் அல்லது செம்பழுப்பு நிறமுள்ள சிறு மணிகளாகக் காணப்படும். கடினம் 5 முதல் 5½ வரை. தண்ணீரைவிட ஏறக்குறைய 5 மடங்கு கனமானது. ஆதலால் அலைகள் லேசான மணலை அடித்துச் சென்றபின் இது கரையில் தங்கிவிடுகிறது. 1909-இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய ரசாயன நிபுணர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து இதைக் கண்டறிந்தார். பின்னர் மணவாளக்குறிச்சியில் இம்மணலைப் பிரித்தெடுக்கும் தொழில் தோன்றியது. கல்பாக்கம் கடற்கரை மணலிலும் இது திட்டுத் திட்டாக உண்டு.

மோனஸைட்டில் நூற்றுக்குச் சுமார் 27 பங்கு மணிச்சத்து இருக்கிறது. சாதாரண சூப்பர் பாஸ்பேட்டில் உள்ளதைவிட இது அதிகம். ஆயினும் இதைத் தூளாக்கி வயலில் இட்டால் ஒரு நெற்கதிருக்கும் பயன் விளையாது. அருமண் உலோகங்களுடன் இறுகப் பிணைந்த பாஸ்பேட்டை மண்ணிலுள்ள புளிப்பும் வேரின் கசிவும் அசைக்க மாட்டா. கொதிக்கும் காஸ்டிக் சோடாவையோ வலிய திராவகத்தையோ கொண்டே அதைப் பிரிக்க இயலும். 1952 முதல் கேரளத்து ஆலுவாயில் நடைபெற்ற ஆலையில் அருமண் உலோகங்களைப் பிரித்தபோது, அப்பாஸ்பேட் டிரைசோடியம் பாஸ்பேட் என்னும் உபபொருளாக வெளிப்பட்டது. மேலும் மோனஸைட்டில் நூற்றுக்கு 8 அல்லது 9 பங்கு தோரியம் இருப்பதால் அது கதிர்வீச்சுடையது. 1962-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டப்படி அரசாங்கக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருளாகவும் உள்ளது. கடலோரக் கிராமங்களின் அதிகாரிகள் இதை நினைவிற் கொள்வது நலம்.

சதவிகிதம் மட்டும் உரத்தின் தகுதியைக் காட்டாது என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

ஊட்டத்தூர் முடிச்சுகள்

திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே ஊட்டத்தூர், காரை முதலிய ஊர்களைச் சுற்றியுள்ள பூமி, சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. அக்கடற் களிமண்ணில் சிறு உருளைகளும் முடிச்சுகளுமாகப் பாஸ்பேட் படிந்திருக்கிறது. 1893-இல் டாக்டர் வார்த் என்பவர் இதை ஆராய்ந்து, 200 அடி ஆழம் வரை 80 லட்சம் டன் இருக்கலாமென மதிப்பிட்டார். முடிச்சுகளில் நூற்றுக்கு 56 முதல் 59 பங்கு சுண்ணாம்புப் பாஸ்பேட் இருந்தது. மணிச்சத்துக் கணக்கில் இது சுமார் 26 பங்காகும்.

கேட்பதற்கு இது பெரும் புதையலாகத் தோன்றும். ஆனால் 100 கன அடி களிமண்ணைத் தோண்டினால் அகப்பட்டது பொதுவாக 27 முதல் 47 ராத்தல் வரையே. அதாவது 12 முதல் 21 கிலோ. நூறு கன அடி மண் ஏறக்குறைய 5 டன் எடை இருக்கும். கூலி கொடுத்து அவ்வளவையும் புரட்டி, அரை மூட்டைக்கும் குறைவான கல்லைப் பொறுக்கி, அதைத் தூளாக்கி வண்டியேற்றுவதற்கு ஆகும் செலவை விவசாயிகளே கணக்கிட்டுக்கொள்ளலாம். மேலும் அதில் நூற்றுக்கு 16 பங்கு அளவில் சுண்ணாம்புக் கார்பனேட் கலந்திருந்தது. சூப்பர் பாஸ்பேட் செய்ய முற்பட்டால் கந்தகத் திராவகத்தின் ஒரு பாகத்தை அச்சுண்ணாம்பே விழுங்கிவிடும். மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு இதைத் தூளாகவே விற்க முயன்றதும் நிலைக்கவில்லை.

எப்பாவல தரும் பாடம்

இலங்கையில் அநுராதபுரம் ஜில்லாவிலுள்ள எப்பாவலயில் 1971-இல் பெரிய அபடைட் படிவம் கண்டுபிடிக்கப்பட்டது. பாறைக் குழம்பிலிருந்து உறைந்த வகையாதலால் அது மெதுவாகவே கரைகிறது. தேயிலை, ரப்பர், தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்குத் தூளாக இடப்படுகிறது. மூன்று நான்கு மாதங்களில் விளையும் நெல்லுக்கு அது ஏற்றதன்று.

அப்படிவத்தை ஓர் அந்நியக் கம்பெனியின் கூட்டில் பெருமளவில் வெட்டியெடுக்கத் திட்டம் வகுக்கப்பட்டபோது, வயலும் தோப்பும் உடையவர்கள் உள்ளிட்ட அவ்வூரார் எழுவர் உச்ச நீதிமன்றத்தை நாடினர். குளங்களும், கலாவெவ ஏரியிலிருந்து அநுராதபுரத்துக்கு நீர் கொண்டுசெல்லும் பழமையான ஜயகங்கைக் கால்வாயும் கெடும் என்பது அவர்கள் முறையீடு. முழுமையான ஆய்வும் சுற்றுச்சூழல் பரிசீலனையும் முறைப்படி முடியாமல் அவ்வேலையைத் தொடங்கலாகாது என 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தீர்ப்பாயிற்று. நிலத்தடியில் கல் இருப்பது ஒரு செல்வம்; அதன்மேல் ஏரியும் ஆயக்கட்டும் இருப்பது அதற்குக் குறையாத செல்வம். ஏரிகளை நம்பி வாழும் நம் ஜில்லாவினருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கல்லை எருவாக்கும் முறை

கரையாத கல்லைக் கரையும் எருவாக்கும் முறையை இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னுமிடத்திலிருந்த ஜான் லாஸ் என்பவர் 1842-இல் உரிமை பதிவு செய்தார். எலும்பையோ பாஸ்பேட் கல்லையோ தூளாக்கிக் கந்தகத் திராவகத்தில் ஊறவைத்தால், தண்ணீரில் கரையும் பாஸ்பேட்டும் ஜிப்சமும் கலந்த சூப்பர் பாஸ்பேட் கிடைக்கும். காஞ்சிபுரத்துக்கு மேற்கே அண்மையிலுள்ள ராணிப்பேட்டையில் பாரி கம்பெனியார் 1906-இல் நிறுவிய தொழிற்சாலையே இந்தியாவில் இத்தகைய உரத்தொழிலுக்கு முன்னோடியாகும். 1968-இல் ராஜஸ்தானத்து உதயபுரிக்கு அருகே ஜாமர்கோட்ராவில் நல்ல பாஸ்பேட் படிவம் கண்டுபிடிக்கப்பட்டது. எனினும் நாட்டின் தேவையில் பெரும்பங்கு கல்லாகவோ திராவகமாகவோ தயாரித்த உரமாகவோ கடல்கடந்தே வருகிறது. ஆதலால் ஒரு மூட்டையை வீணாக இடுவது தனி ஒருவரின் நஷ்டம் மட்டுமன்று.

நம் நிலங்களுக்கு ஏற்றது எது?

1. பாறைப் பாஸ்பேட் தூள் புளிப்பு மிகுந்த மலைநிலங்களுக்கே உரியது. பாலாறு, செய்யாற்றுப் படுகைகளின் வண்டலிலும் நம் ஏரிப்பாசன வயல்களிலும் புளிப்பு மிகுதியாக இல்லாததால், குறுகியகாலப் பயிருக்கு அதை நம்பியிருத்தல் தகாது. மலிவு என்று வாங்குவது பலனில் அதிக விலையாக முடியும்.

2. சூப்பர் பாஸ்பேட்டில் நூற்றுக்கு 16 பங்கு, பயிருக்குக் கிட்டும் மணிச்சத்து உண்டு. நெல்லுக்கு ஏக்கருக்கு 20 கிலோ மணிச்சத்து இடவேண்டுமாயின் 125 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் இரண்டரை மூட்டை தேவை. இதிலுள்ள கந்தகமும் சுண்ணாம்பும் நிலக்கடலைக்கு மிகவும் நல்லவை. டி.ஏ.பி.யில் 46 பங்கு மணிச்சத்து இருப்பதால் அதே அளவுக்கு சுமார் 43½ கிலோ போதும். அதனுடன் ஏறக்குறைய 8 கிலோ தழைச்சத்தும் சேர்வதால், இடவேண்டிய யூரியாவில் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

3. மணிச்சத்து மண்ணில் இட்ட இடத்தை விட்டு அதிகம் நகராது. ஆகவே மேலுரமாகத் தூவாமல், கடைசி உழவில் அடியுரமாகவே இடுக.

4. இட்டதில் ஐந்தில் ஒரு பங்களவே முதற் பயிருக்குக் கிட்டும். எஞ்சியது இரும்புடனும் அலுமினியத்துடனும் சுண்ணாம்புடனும் கூடி மண்ணில் தங்கும். நீர் தேங்கிய வயலில் இரும்புடன் கூடியது சிறிது நெகிழ்ந்து நெல்லுக்கு உதவும். நீர் வடிந்தபின் விதைக்கும் உளுந்துக்கும் கடலைக்கும் அவ்வுதவி இல்லை. எனவே அப்பயிர்களுக்கு மணிச்சத்தைக் குறைத்தலாகாது.

5. தொழுஉரத்துடன் சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து குவித்து வைத்து இடுவதும், பாஸ்போபாக்டீரியா என்னும் நுண்ணுயிர் உரத்தைச் சேர்ப்பதும், மண்ணில் முடங்கிய மணிச்சத்தை வேருக்கு எட்டச் செய்யும்.

6. உரம் வாங்குமுன் மண்ணைச் சோதிக்க அனுப்புக. பயிருக்குக் கிட்டும் மணிச்சத்து ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழிருந்தால் குறைவு. 11 முதல் 22 வரை மத்தியமம். 22-க்கு மேல் அதிகம். அதிகமென்று கண்ட நிலத்தில் வழக்கப்படி மூட்டையை இடுவது பணத்தை மண்ணிற் புதைப்பதாகும். மேலும் அளவு மீறிய மணிச்சத்து துத்தநாகக் குறையை உண்டாக்கிப் பயிரை வாட்டும்.

மூட்டையின் மீது அச்சிட்டிருக்கும் உரத்தின் பெயரையும் சத்தின் அளவையும் படித்துப் பார்த்து, ரசீது பெற்றே வாங்குதல் வேண்டும். எழுத்தறியாத குடிகளுக்குக் கிராம அதிகாரிகளும் கூட்டுறவுச் சங்கத்தாரும் அதைப் படித்துச் சொல்வது பேருதவியாகும். மண்ணின் குணத்தை முதலில் அறிந்து, உரத்தின் குணத்தைப் பிறகு அறிந்து, இரண்டும் பொருந்துமாயின் மட்டும் பணத்தைக் கொடுப்பதே முறை. அவ்வாறு செய்பவரின் களஞ்சியத்தில் நெல்மணி நிறைவதோடு, அடுத்த தலைமுறைக்கு உரிய மணிச்சத்தும் நிலத்தில் நிலைத்திருக்கும்.