ஊசி முனைக்கு ஒரு வழிகாட்டி

மட்டாஞ்சேரி பஜார் சாலைக் கிடங்குகளில் அடமானச் சரக்கைப் பார்வையிடச் செல்லும்போது, மிளகு மூட்டையில் குத்தூசியைச் செருகி மாதிரி எடுத்துக் காட்டுவார்கள். எங்கே குத்தினாலும் மிளகுதான் வரும். மனிதக் கை அப்படியன்று. சென்ற ஆண்டு அம்மாவை மருத்துவமனையில் சேர்த்தபோது, பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர் மூன்று முறை குத்தியும் 'நரம்பு' கிடைக்கவில்லை. (பேச்சில் நரம்பு என்கிறோம், தேடுவது சிரையை.) பின்னர் மூத்தவர் ஒருவர் அல்ட்ராசவுண்டு கருவியுடன் வந்து ஒரே குத்தில் முடித்தார்.

இளையவரும் அக்கருவியையே எடுத்திருக்கலாமே என்று எண்ணினேன். ஆனால் அது அவ்வளவு எளிதன்று. கழுத்துச் சிரையில் குழாய் செருக இக்கருவியின் துணையைப் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2002-லேயே பரிந்துரைத்தது. எனினும் கைப்பழக்கம் வர நாளாகும். ஒலிக்கற்றை அட்டையைப் போல் மெல்லியது. சில மில்லிமீட்டர் கனமே. அதற்குள் அகப்படுவது மட்டுமே திரையில் தெரியும். கற்றைக்குக் குறுக்காக நுழையும் ஊசி ஒரு வெண்புள்ளியாகத் தோன்றும். அது முனையா, நடுத்தண்டா? புள்ளியைப் பார்த்து அறிய இயலாது. தண்டை முனையென்று நம்பும் புதியவர் மேலும் அழுத்தினால் சிரையின் பின்சுவரும் துளைபடும். கழுத்திலாயின் அருகிலேயே தமனி. சற்றுக் கீழே நுரையீரல்.

இந்தக் குறையைத்தான் வழிகாட்டும் தொழில்நுட்பம் தீர்க்க முயல்கிறது. ஒரு முறையில், படுக்கையருகே மெல்லிய காந்தப்புலம் உண்டாக்கப்படும். ஊசியிலும் புரோபிலும் உள்ள உணரிகளைக் கொண்டு, குத்துவதற்கு முன்பே ஊசி செல்லவிருக்கும் பாதையைத் திரை கோடாக வரைந்து காட்டும். பிலிப்ஸ், பி. பிரவுன் நிறுவனங்கள் சேர்ந்து கொணர்ந்த மற்றொரு முறையில், முனையருகே பொருத்திய நுண்ணுணரி ஒலிக்கற்றையை உணர்ந்து, முனை இருக்குமிடத்தைத் திரையில் வட்டமிட்டுக் காட்டும்.

காந்த முறைக்கு அருகிலுள்ள இரும்பு இடையூறாகலாம். மேலும், ஊசி எங்கே என்பதைத்தான் கருவி சொல்லும். அழுத்தினால் அமுங்குவது சிரை, துடிப்பது தமனி என்று பிரித்தறிவது மருத்துவரின் கண்ணே.

கடன் கோரி வரும் மருத்துவ வாடிக்கையாளர்களுக்கு ஒரு சொல். கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவு பெறாதவர்க்கு அல்ட்ராசவுண்டு கருவியை விற்கலாகாது. விலைப்பட்டியலுக்கு முன் பதிவுச் சான்றிதழைத்தான் கேட்போம்.

அம்மாவின் கையில் நீலம் மறையப் பத்து நாளாயிற்று. அந்த இளம் மருத்துவர் மறுநாள் வந்து மலையாளத்தில் நலம் விசாரித்தார். அம்மா தமிழில், "பரவாயில்லை தம்பி, இந்தக் கையிலும் பழகிக்கொள்" என்று மற்றதை நீட்டினார்.