உங்களுக்குத் தெரியுமா? கைக்கு ஏற்ற பிஸ்டல்

துப்பாக்கி சிறியதாக இருந்தால் சுடுவது எளிது என்று பலரும் நினைக்கிறோம். உண்மை இதற்கு நேர்மாறானது. இரண்டு துப்பாக்கிகள் ஒரே வகைத் தோட்டாவைச் சுடுகின்றன, ஒன்றின் எடை மற்றதில் பாதி என்று வைத்துக்கொள்வோம். எடை குறைந்தது பின்னோக்கி வரும் வேகம் இரண்டு மடங்கு. கை தாங்க வேண்டிய உதைப்பின் ஆற்றலும் இரண்டு மடங்கு. கைப்பைக்குள் அடங்குவதற்காகக் குறைத்த எடை, சுடும்போது மணிக்கட்டில் வந்து விழுகிறது.

★

2014 ஜனவரியில் கான்பூரில் உள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. பெண்களுக்கென்றே செய்யப்பட்டது என்று அறிவித்தார்கள். 2012 டிசம்பரில் டெல்லியில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு வந்த ஆயுதம் அது. எடை அரைக் கிலோ, விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். விலையைப் பற்றிப் பேசினார்கள், ஆயுதம் பாதுகாப்பு தருமா என்று வாதிட்டார்கள். பிடியின் சுற்றளவு என்ன, டிரிக்கர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற பேச்சு அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. பெண் கைக்கு என்று ஒன்றைச் செய்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் அவைதான் என்பது என் உறுதியான கருத்து. எடை அதற்குப் பிறகு.

★

குட்டி பிஸ்டலைக் கையில் எடுத்ததும் பலருக்கும் தெரியும் முதல் குறை, சுண்டுவிரலுக்கு இடம் இல்லாதது. பிடி கட்டையாக இருப்பதால் நடுவிரலும் மோதிரவிரலும் மட்டும் பிடித்துக்கொள்ள, சுண்டுவிரல் காற்றில் தொங்கும். கைப்பிடியின் வலுவில் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் பெரிய பங்கு உண்டு. அதில் ஒன்று விலகினால், ஒவ்வொரு சுடுதலுக்குப் பிறகும் துப்பாக்கி கைக்குள் சற்று நகரும், திரும்பப் பிடிக்க வேண்டிவரும். தோட்டா நிரப்பும் மேகசினின் அடியில் சிறிய நீட்டிப்பு ஒன்றை வைத்து இதைச் சரிசெய்கிறார்கள். சில நேரம் அந்த நீட்டிப்புக்கும் பிடிக்கும் இடையே உள்ளங்கைத் தோல் சிக்கிக் கிள்ளும். அதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

★

டிரிக்கரை அழுத்த வேண்டியது ஆள்காட்டி விரலின் நுனிச் சதை. அதற்கு விரல் அந்த இடத்தை எட்ட வேண்டும் அல்லவா?

கை சிறியதாக, பிடி பருமனாக இருந்தால் விரல் எட்டாது. எட்ட வைப்பதற்காகச் சுடுபவர் தன்னை அறியாமலேயே கையைப் பிடியைச் சுற்றித் திருப்பிவிடுகிறார். அப்போது குழலும் முன்கை எலும்பும் ஒரே நேர்கோட்டில் இருப்பதில்லை. உள்ளங்கையின் நடுவில் இறங்க வேண்டிய உதைப்பு, கட்டைவிரலின் அடிமூட்டில் போய் இறங்கும். ஒரு பெட்டி தோட்டா சுட்டு முடிப்பதற்குள் மூட்டு வலிக்கும். அடுத்த நாள் பேனா பிடிக்கவும் கஷ்டமாக இருக்கும்.

கை பெரியதாக இருந்தால் தொல்லை மறுபக்கம். விரல் டிரிக்கரைத் தாண்டி உள்ளே போய்விடும். நேராகப் பின்னுக்கு இழுக்க வேண்டியதைப் பக்கவாட்டில் இழுப்பார். குறி சரியாக இருந்தும் அடி விலகும். ‘கவனம் போதவில்லை’ என்று திட்டு வாங்குபவர்களில் எத்தனையோ பேருக்குக் குறை கவனத்தில் இல்லை, பிடியின் அளவில்தான்.

★

குறிபார்க்க மேலே வைத்திருக்கும் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி 10 சென்டிமீட்டர் மட்டுமே உள்ள ஒரு சிறு பிஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள். முன் குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தூரத்தில் அடி 10 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். இடைவெளி 30 சென்டிமீட்டர் என்றால் அதே பிழைக்கு விலகல் சுமார் 3.3 சென்டிமீட்டர்தான். ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இலக்கில் 10 புள்ளி தரும் வட்டத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர். போட்டி பிஸ்டல்கள் ஏன் அவ்வளவு நீளமாக இருக்கின்றன என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

★

நம் காவல்துறையும் ராணுவமும் நெடுங்காலம் இடுப்பில் தரித்த 9 எம்.எம். பிஸ்டல், பெல்ஜியத்தில் 1935-இல் உற்பத்திக்கு வந்த பிரவுனிங் ஹை-பவரின் இந்திய வடிவம். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்படுவது. நம்பகமான ஆயுதம் என்று பெயர் எடுத்தது, ஆனால் கையைக் கடிக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னால் சாயும் அதன் சுத்தியல், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள தோலைக் கிள்ளிவிடும். சதைப்பற்றுள்ள கை என்றால் ரத்தமே கசியும். உலகம் முழுக்க இந்தத் துப்பாக்கியைச் சுட்டவர்கள் சொன்ன புகார் இது.

★

ஆரணிக்கும் வந்தவாசிக்கும் நடுவில் இருப்பது நம் பெரணமல்லூர். அந்த வந்தவாசியில் 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். அந்தக் காலத்துக் குதிரை வீரர்களின் பிஸ்டல் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். ஒருமுறை சுட்டபின் திருப்பிப் பிடித்து அடிப்பதற்கும் உதவும்படி அடிப்பாகத்தில் பித்தளைக் குமிழ் இருக்கும். படை முழுவதற்கும் ஒரே அளவு. யாருடைய கை என்று எவரும் கேட்டதில்லை.

இப்போது அந்தக் கேள்வியை ஆயுதம் செய்பவர்களே கேட்கிறார்கள். 1990-களின் பிற்பாதியில் ஜெர்மனியின் வால்தர் நிறுவனம், பிடியின் பின்பகுதியைக் கழற்றிக் கையின் அளவுக்கேற்ப வேறொன்றை மாட்டும் வசதியோடு பி-99 பிஸ்டலைக் கொண்டுவந்தது. ஆஸ்திரியாவின் கிளாக் நிறுவனம் 2010-இல் தன் நான்காம் தலைமுறை பிஸ்டலில் அதே வசதியைச் சேர்த்தது. விரல்கள் பதிய வேண்டும் என்று அந்தப் பிடியில் மேடு பள்ளங்கள் வைத்திருந்தார்கள். எல்லோருடைய விரல்களும் ஒரே இடைவெளியில் இல்லையே! 2017-இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் அவற்றை எடுத்தேவிட்டார்கள்.

★

பயத்தைவிட வலிதான் குறியை அதிகம் கெடுக்கிறது. கை ஒருமுறை அடிபட்டால் அடுத்த முறை உடல் முன்கூட்டியே தயாராகிவிடும். டிரிக்கர் விடுபடும் நொடியில் கண் மூடும், மணிக்கட்டு முனையைக் கீழே அமுக்கும், அடி தாழ்ந்து விழும். இதைக் கண்டுபிடிக்கப் பயிற்சியாளர்கள் வெடிக்காத போலித் தோட்டா ஒன்றை மற்றவற்றோடு கலந்து வைப்பார்கள். எது வெடிக்கும், எது வெடிக்காது என்று சுடுபவருக்குத் தெரியாது. போலித் தோட்டாவின் முறை வரும்போது துப்பாக்கி ஆடாமல் நின்றால் நல்லது. முனை சடக்கென்று கீழே குத்தினால், அன்றைக்கு மேற்கொண்டு சுடுவதை நிறுத்திவிட்டுப் பிடியைப் பார்க்க வேண்டும்.

★

ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் பிடி ஒரு சிற்பம்போல இருக்கும். பெரும்பாலும் வால்நட் மரம். வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு வேறொன்று. சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவுகள் உண்டு. உள்ளங்கையின் விளிம்பைக் கீழிருந்து தாங்க ஒரு தட்டு இருக்கும், அதை ஏற்றி இறக்கலாம். விதிகளும் கடுமையானவை. பிஸ்டலின் மொத்த எடை 1,500 கிராமுக்கு மேல் போகக் கூடாது. டிரிக்கர் குறைந்தது 500 கிராம் அழுத்தத்துக்குப் பிறகே விடுபட வேண்டும். மணிக்கட்டு வெளியே தெரிய வேண்டும், பிடி அதைத் தொடவே கூடாது. சுடும் கையில் கைக்கடிகாரமோ வளையோ அணிய அனுமதி இல்லை. காலணிகூடக் கணுக்கால் எலும்பை மூடக் கூடாது. உடலுக்கு வெளியிலிருந்து எந்தத் தாங்கலும் கிடைக்கக் கூடாது என்பதே நோக்கம். விளையாட்டு வீரருக்கு விதி விட்டுவைத்திருக்கும் ஒரே சலுகை, தன் கைக்குப் பொருந்தும் பிடி. அதையும் பயன்படுத்தாமல் போட்டிக்குப் போவது எவ்வளவு பெரிய இழப்பு!

★

பிடி பொருந்துகிறதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. பயிற்சிக் கூடத்தில், தோட்டா இல்லை என்று உறுதி செய்த பிறகு, பிஸ்டலைப் பிடித்துக் கண்களை மூடிக் கையை இலக்கு நோக்கி உயர்த்துங்கள். கண்ணைத் திறந்தால் முன் குறியும் பின் குறியும் தாமாகவே ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முன் குறி எப்போதும் ஒரே பக்கம் ஒதுங்கியிருந்தால் பிடியில் வேலை இருக்கிறது.

பழகியவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இடைவெளி இருக்கும் இடத்தில் மரப்பசை மாவை அப்பி, கையை அழுத்திப் பதித்து, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். அழுத்தும் இடத்தை அரத்தால் ராவுகிறார்கள். ஒரு மணி நேரப் பயிற்சி முடிந்ததும் உள்ளங்கையில் எங்கே சிவந்திருக்கிறது என்று பார்த்து, மறுநாள் அங்கே சற்று ராவுகிறார்கள். மாதக்கணக்கில் நடக்கும் வேலை இது. அவசரப்பட்டு ஒரே நாளில் ராவித் தள்ளினால், போன மரம் திரும்பி வராது.

இதை நம் ஊரில் விளக்கத் தேவையே இல்லை. குழித்தறியில் உட்காரும் உயரமும் மிதிக்கும் தூரமும் ஆளுக்கு ஆள் மாறும். உயரமானவருக்கு அமைத்த தறியில் குள்ளமானவர் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், நாடாவை வீசும் கை தளரும், சேலையில் அது தெரியும். பட்டு நெய்பவர் ‘எனக்குக் கை வரவில்லை’ என்று சொல்வதற்கு முன் தறியைத்தான் சரிசெய்வார்.

★

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு அலட்டாமல் சுட்டு வெள்ளி வென்ற துருக்கியின் யூசுப் டிகெச் உலகப் புகழ் பெற்றார். அந்தக் கை பையில் இருந்தது ஸ்டைலுக்காக அல்ல. ஏர் பிஸ்டல் போட்டியில் பிஸ்டலை ஒரே கையால்தான் பிடிக்க வேண்டும். தொங்கும் மறு கை ஆடினால் உடலும் ஆடும். அதனால் பையிலோ இடுப்புப் பட்டியிலோ அதைப் பூட்டி வைப்பது பலரும் செய்வதுதான்.

★

அதே பாரிஸில் ஜூலை 28 அன்று 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்ற மனு பாக்கர், துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண். இரண்டு நாள் கழித்துச் சரப்ஜோத் சிங்குடன் இன்னொரு வெண்கலம். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் டோக்கியோவில் தகுதிச் சுற்றின் நடுவே அவருடைய பிஸ்டல் பழுதானது. சரிசெய்வதில் பல நிமிடங்கள் போயின, 575 புள்ளிகளுடன் 12-ஆம் இடத்தோடு வெளியேறினார். கருவி கைவிட்ட நாளில்கூட அவர் கைவிடவில்லை என்பதை அந்த 575 சொல்கிறது.

★

ஹங்கேரி ராணுவ வீரர் காரோய் தகாச், 1938-இல் கையெறி குண்டு வெடித்து வலக்கையை இழந்தார். சுட்டுப் பழகிய கை அதுதான். இடக்கையால் முதலிலிருந்து பழகி, 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். பிறவியிலேயே வலக்கை பாதிக்கப்பட்ட நம் மனீஷ் நர்வால், இடக்கையால் சுட்டு டோக்கியோ பாராலிம்பிக்கில் 50 மீட்டர் பிஸ்டலில் தங்கம் வென்றபோது வயது 19.

★

உத்தரப் பிரதேசத்தின் ஜோஹ்ரி கிராமத்தில் சந்த்ரோ தோமர் பிஸ்டலைத் தொட்டது அறுபது வயதைத் தாண்டிய பிறகு. கைக்குப் பலம் சேர்க்க, தண்ணீர் நிறைந்த குவளையை நீட்டிய கையில் ஏந்தி நிற்பாராம். செலவில்லாத பயிற்சி, இன்றும் யாரும் செய்யலாம்.

★

தமிழ்நாட்டுக்கும் இதில் நல்ல பங்கு உண்டு. ஸ்ரீ நிவேதா பரமானந்தம் 2021-இல் டெல்லியிலும் 2022-இல் கெய்ரோவிலும் உலகக் கோப்பை ஏர் பிஸ்டல் குழுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணிகளில் இருந்தவர். நடிகர் அஜித்குமார் 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் பிஸ்டல் பிரிவுகளில் பதக்கங்கள் பெற்றார். அதைப் பார்த்துவிட்டு ‘எனக்கும் கற்றுக்கொடுங்கள்’ என்று கேட்கும் பிள்ளைகள் சிற்றூர்களிலும் இருக்கிறார்கள்.

★

குழல் துளை 4.5 மில்லிமீட்டர் அளவுக்குள், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலுள்ள ஏர் பிஸ்டலுக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அதற்காக அது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது, கண்ணைப் பறிக்கும் வேகம் அதற்கு உண்டு. பயிற்சிக் கூடத்துக்கு வெளியே கையில் எடுக்கக் கூடாது. தோட்டா வெடிக்கும் துப்பாக்கி என்றால் உரிமம் கட்டாயம். அதன் உறுப்புகளை வீட்டில் ராவுவதும் மாற்றுவதும் கூடவே கூடாது, உரிமம் பெற்ற கைவினைஞரிடம்தான் கொடுக்க வேண்டும்.

★

பயிற்சிக் கூடம் நடத்துபவர்களுக்கும் பள்ளி விளையாட்டு ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாக வரும் பிள்ளைகள் கூடத்தின் பொது பிஸ்டலில்தான் தொடங்குகிறார்கள். அதன் பிடி பெரும்பாலும் வளர்ந்த ஆணின் வலக்கைக்கானது. அடுத்த பிஸ்டல் வாங்கும்போது சிறிய அளவுப் பிடி ஒன்றும் இடக்கைப் பிடி ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். பெற்றோர்களே, பதின்மூன்று வயது மகள் கை வலிக்கிறது என்று சொன்னால் ‘போகப் போகப் பழகிடும்’ என்று சொல்லாதீர்கள். அடுத்த வகுப்புக்குக் கூடவே போய், அவள் விரல் டிரிக்கரை எட்டுகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.