காரைத் தள்ளி வந்த சாம்பியன்!

1950-களில் பெரும்பாலான பந்தயக் கார்களில் என்ஜின் முன்னால் இருக்கும். ஓட்டுபவர் பின்னால் இருப்பார். இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும் இதை மாற்றினார்கள். ஒருவர் மட்டுமே உட்காரும் தங்கள் காரில் என்ஜினைப் பின்னால் வைத்தார்கள். கார் சிறியது, எடையும் குறைவு.

1959-ல் ஆஸ்திரேலிய வீரர் ஜாக் பிரபாம் இந்தக் காரில் மொனாக்கோ, பிரிட்டன் பந்தயங்களில் வென்றார். டிசம்பர் 12-ந் தேதி, அமெரிக்காவில் செப்ரிங்கில் கடைசிப் பந்தயம். பிரபாம்தான் முன்னணியில் இருந்தார். கடைசிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது!

அவர் சும்மா இருக்கவில்லை. கீழே இறங்கிக் காரைத் தள்ளினார். பிறர் உதவக் கூடாது என்பது விதி. தன்னந்தனியே தள்ளிக்கொண்டு வந்து, கோட்டைத் தாண்டியதும் சோர்ந்து விழுந்தார்.

கிடைத்தது 4-வது இடம். ஆனால் ஆண்டு முழுவதும் சேர்த்த புள்ளிகளால் உலகப் பட்டம் அவருக்கே! பின்னால் என்ஜின் வைத்த கார் அந்தப் பட்டத்தைப் பெற்றது அதுவே முதல் தடவை. சில ஆண்டுகளில் மற்றவர்களும் கூப்பர் வழிக்கே வந்துவிட்டார்கள்.