வீடெங்கும் சந்தன வர்ணம்

பொங்கல் நெருங்கினால் வீட்டுக்கு வர்ணம் பூசும் பேச்சு எழுந்துவிடும். கூடத்துக்குப் பச்சை, படுக்கையறைக்கு நீலம் என்று ஆளுக்கோர் ஆசை! ஆனால் சிறிய வீட்டில் அறைக்கொரு வர்ணம், வீட்டைத் துண்டு துண்டாக்கிக் காட்டும். எங்கும் ஒரே வர்ணமானால் கண் தடையின்றி ஓடும். வீடும் விசாலமாகத் தோன்றும்.

எந்த வர்ணம்? வெள்ளையில் குழந்தைகளின் கைத்தடம் பளிச்சென்று தெரியும். அடர்ந்த வர்ணமோ வெளிச்சத்தை விழுங்கும். நடுவே இருக்கிறது அரைத்த சந்தனத்தின் நிறம். சிவப்பு சிமெண்டுத் தரைக்கும் தேக்குக் கதவுக்கும் அது பாந்தமாயிருக்கும்.

ஆனால், சகோதரிகளே, கடை அட்டையை மட்டும் நம்பிவிடாதீர்கள்! நேர் வெயில் வராத அறையில் அதே சந்தனம் சாம்பல் பூத்தாற்போலிருக்கும். மாலை வெயிலில் ஆரஞ்சு அடிக்கும். வெள்ளை விளக்கில் ஒரு விதம், மஞ்சள் விளக்கில் வேறு விதம். ஆகவே முதலில் சிறு டப்பா வாங்கி, ஒவ்வோர் அறையிலும் 2 அடிச் சதுரத்தில் 2 கோட் பூசி, நன்றாகக் காய்ந்ததும் காலை, மாலை, இரவு பாருங்கள்.

பிடித்துவிட்டால், தேவையான பெயிண்டு முழுவதையும் ஒரே சமயத்தில் கலக்கி வாங்குங்கள். பிறகு கலக்கினால் சாயல் மாறக்கூடும். மிச்சத்தை இறுக மூடி வையுங்கள். எந்த அறைச் சுவரில் கறை பட்டாலும் அந்த ஒரு டப்பா போதுமே!