எண்ணெயை மறித்து நிற்கும் ரப்பர் உதடு

1990களில், போர்க்காலத்தில், இலங்கையின் வன்னிக்குள் பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்கள். மின்கம்பிகளில் மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டார்கள். அந்த நாள்களிலும் கிளிநொச்சி, முல்லைத்தீவு ஒழுங்கைகளில் பழைய ஹொண்டா ஐம்பது, எழுபது மோட்டார் சைக்கிள்கள் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உதைப்பார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். மண்ணெண்ணெயோ பெற்றோலோ, எதையும் பற்றவைக்கத் தீப்பொறி வேண்டும். பற்றரி கிடைக்காத ஊரில் அது எங்கிருந்து வந்தது?

இடப்பக்க மூடியைக் கழற்றினால் விடை தெரியும். கிராங் தண்டின் நுனியில் ஒரு கனத்த ஃபிளைவீல். அதன் உட்சுவரில் வட துருவமும் தென் துருவமும் மாறி மாறி வரும்படி காந்தங்கள். நடுவில், அசையாத தகடொன்றில் செப்புக் கம்பிக் கொயில்கள். காந்தப் புலம் மாறினால் கம்பியில் மின் பிறக்கும் என்று மைக்கேல் பரடே 1831இல் கண்டதுதான் இங்கே ஒவ்வொரு சுற்றிலும் நடக்கிறது. காந்தமும் கொயிலும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை; ஆகவே தேய்மானமும் இல்லை. தேய்வது அதே தகட்டில் மின்சுற்றைத் திறந்து மூடும் பொயின்ற். 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் வரைதான் அது திறக்கும். திறக்கும் கணத்தில் மின்னோட்டம் அறுபட, இக்னிஷன் கொயில் அந்த வெட்டைப் பல ஆயிரம் வோல்ற்றாக உயர்த்திப் பிளக்குக்கு அனுப்புகிறது.

ஃபிளைவீல் சுழலும் இந்த அறை காய்ந்திருக்க வேண்டும். ஆனால் அதே தண்டு தகட்டைத் துளைத்து, எண்ணெய் சிதறும் எஞ்சினுக்குள் போகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஓர் ஓயில் சீல் மட்டுமே. அது கசிந்தால் பொயின்றில் எண்ணெய் படியும், கருகும், தீப்பொறி மெலியும். மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கி ஓயிலை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஓயில் சிறு இடுக்கிலும் புகுந்துவிடும்.

அந்தச் சீல் என்னை வியக்கவைக்கும் பொருள். ஒரு மெல்லிய ரப்பர் உதடு; அதன் பின்னால் உதட்டைத் தண்டோடு அணைத்துப் பிடிக்கும் சுருள்கம்பி. உதடு தண்டை இறுக்கி அடைக்கிறது என்றுதான் நினைக்கத் தோன்றும். முற்றிலும் அடைத்தால் உராய்வுச் சூட்டில் அது விரைவில் கருகிவிடும். உண்மையில் உதட்டுக்கும் தண்டுக்கும் நடுவே, தலைமயிரின் தடிப்பில் பல பத்துகளில் ஒரு பங்கு அளவில், எண்ணெய்ப் படலம் இருந்துகொண்டே இருக்கிறது. உதட்டின் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு, தண்டு சுழலச் சுழல அந்த எண்ணெயை வந்த பக்கமே திருப்பித் தள்ளுகிறது. நனைந்துகொண்டே ஒழுகாமல் நிற்கிறது! 1929இல் வால்ற்றர் சிம்மர் என்ற பொறியியலாளர் இவ்வகைச் சீலை வடிவமைத்தபோது உதடு தோலால் ஆனது. செயற்கை ரப்பர் பிறகு வந்தது.

2009இல் போர் முடிந்த பிறகு முள்ளிவாய்க்கால் மணலில் கிடந்த வண்டிகளில் சில உரியவர்களின் கைக்குத் திரும்பி வந்தன. உப்புக் காற்றும் மழையும் பட்ட கொயிலில் செப்பு பச்சை பூத்திருக்கும், மேற்பூச்சு வெடித்திருக்கும். அப்படியானதைப் பிரித்து, எனாமல் கம்பியால் புதிதாகச் சுற்றி, வார்னிஷில் தோய்த்துச் சூட்டில் காயவைக்க வேண்டும். ஈரம் புகுந்தால் சுற்றுக்குச் சுற்று மின் கசிந்து கொயில் மறுபடி போய்விடும்.

கொயிலையும் சீலையும் எட்ட, முதலில் ஃபிளைவீலைப் புல்லர் போட்டே கழற்ற வேண்டும். சுத்தியலால் அடித்தால் காந்தம் வலுவிழக்கலாம், வெடிக்கவும் கூடும். புதுச் சீலைப் போடும்போது சுருள்கம்பி தெரியும் முகம் எண்ணெய்ப் பக்கம் இருக்க வேண்டும். பழைய உதடு தண்டில் ஒரு தடம் அறுத்திருந்தால், சீலைச் சற்றே முன்பின்னாக அமர்த்தினால் புது உதடு தேயாத இடத்தில் படும். தகட்டின் பின்னாலுள்ள பெரிய ரப்பர் வளையத்தையும் மறக்காமல் மாற்ற வேண்டும். அதை விட்டுவிட்டு, புதுச் சீலும் ஒழுகுகிறது என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பவர்கள் உண்டு.